பதினொரு முடக்கு

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு. விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது. ஹட்டனில், பேக்கரிக்கு மேலே இருந்த என் அறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். விளக்கை அணைக்கவில்லை.

அண்ணன் அப்போது ஹட்டனிலிருந்து ஏழு மைல் தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்து ஃபேக்டரிக்குள் வந்ததிலிருந்து தேயிலையாகிப் பெட்டியில் ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. நான் கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றின் ஹட்டன் நிருபர். அறுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டிலிருந்து புதுக் கார் வருவது அநேகமாக நின்றுபோயிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போகும் கார்களுக்குத்தான் கிராக்கி.

"தம்பி, சட்டைய மாட்டு. நுவரெலியா போறோம்."

"இன்னைக்கு எனக்கு கோர்ட்டு இருக்கேண்ணே."

"கோர்ட்டு எங்கயும் ஓடிராது. காரு ஓடிரும்."

அந்த வாரத்தில் அது அவருக்கு மூன்றாவது பயணம்.

பார்க்க வேண்டிய கார்கள் இரண்டு. இரண்டும் ஒரே கம்பனி செய்தவை. கூரை திறந்த, இரண்டே இருக்கைகள் கொண்ட பந்தயக் கார்கள். ஒன்று பச்சை. பக்கத்துத் தோட்டத்து உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்னத்துரையுடையது. நாலு சிலிண்டர். அவர் பத்து நாளில் தன் ஊருக்குக் கப்பலேறுகிறார். அண்ணனின் சேமிப்பில் அதை வாங்கிவிட்டு மீதியும் வைத்திருக்கலாம். மற்றது வெண்ணெய் நிறம். ஆறு சிலிண்டர், கம்பிச் சக்கரங்கள், மரப்பலகை பதித்த முன்பக்கம். நுவரெலியாவில் ஒரு கராஜில் நின்றது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குச் சேமிப்பு முழுவதும் போக வேண்டும். ரேடியோவும் மோட்டார் சைக்கிளும்கூட விலையாக வேண்டும்.

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் சீசன் நடக்கும்போது மலையேற்றக் கார்ப் பந்தயம் ஒன்று வைப்பார்கள். அண்ணன் பல வருடங்களாக ஒரே வளைவில், ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தவர். வெண்ணெய் நிறக் கார் அந்த வளைவில் போனதை அவர் இரண்டு முறை பார்த்திருக்கிறார்.

கராஜில் மெக்கானிக் பாஸ் எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் சிங்களவர்; தமிழ் தாராளமாகப் பேசுவார்.

"மாத்தயா, பார்க்கிறதுக்கு சல்லி எடுத்தா நான் இப்ப பெரிய பணக்காரன்."

"இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க பாஸ்."

"நேத்தும் காட்டினேனே."

இருந்தும் காட்டினார். அண்ணன் மூடியைத் திறந்து எஞ்சினுக்குமேல் குனிந்து மூச்சை இழுத்தார். ஃபேக்டரியில் அரைத்த கொழுந்து புளித்துப் பதமாகும்போது அவர் அப்படித்தான் மோந்து பார்ப்பார். எந்த நிமிடம் அடுப்புக்கு அனுப்புவதென்று கடிகாரம் சொல்வதற்கு முன்னால் அவர் மூக்கு சொல்லும். பிறகு பின்பக்கம் போய்ப் புகைக்குழாய்ச் சத்தத்தைக் கேட்டார். பதினேழு நிமிடம். கை மட்டும் சட்டைப் பைக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

மத்தியானம் தோட்டத்து வீட்டில் அண்ணி சோறு போட்டார். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"எத்தன பேரு ஒக்காரலாம் தம்பி அதுல?" என்று என்னைக் கேட்டார். விடை அவருக்குத் தெரியும்.

"ரெண்டு பேரு அண்ணி."

"சரிதான். ஒண்ணு ஒங்க அண்ணனுக்கு, ஒண்ணு ஒங்களுக்கு. நானும் பிள்ளைகளும் பின்னால ஓடி வாறோம்."

அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்ச் சன்னலோரம் நின்றார்.

சனிக்கிழமை சின்னத்துரை பச்சைக் காரை ஒரு பகல் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். ஒன்றை நாங்கள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அண்ணன் வேலை செய்த தோட்டத்தின் மேனேஜரான பெரியதுரையும் அதே கார்தான் வைத்திருந்தார். அதே நாலு சிலிண்டர், அதே பச்சை.

பிரதான வீதியில் தோட்டத்துக் கேட். அங்கிருந்து ஃபேக்டரியை ஒட்டிய அண்ணன் வீடுவரை ஒன்றே கால் மைல், பதினொரு முடக்கு; முடக்கு என்றால் கொண்டை ஊசி வளைவு. அந்தப் பாதையில் ஒரு பழக்கம் இருந்தது. துரையின் கார்ச் சத்தம் இரண்டு முடக்குக்கு முன்பே கேட்கும். கேட்டதும் ஆட்கள் பாதையை விட்டு ஓரத்துக் கானுக்குள், மழைநீர் ஓடும் வாய்க்காலுக்குள், இறங்கி நிற்பார்கள். ஆண்கள் தலைப்பாகையை எடுப்பார்கள். குடை பிடித்திருப்பவர், மழை பெய்தாலும் குடையை மடக்குவார். யாரும் எழுதிவைத்த சட்டம் அல்ல. எழுதிவைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

நாங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. சாயங்காலக் கொழுந்து நிறுக்கப் பெண்கள் கூடையோடு இறங்கி வருகிற நேரம். தூறல். மூன்றாம் முடக்கில் அண்ணன் கியர் மாற்றினார். வளைவு திரும்பியபோது பாதை காலியாக இருந்தது. பதினான்கு பெண்கள் கானுக்குள் நின்றார்கள். அவர்கள் முன்னால் ஒரு கங்காணி, வழுக்கைத் தலையில் மழை விழ, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் ஒருத்திதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அடியே, நம்ம டீமேக்கரய்யாடி."

"சும்மா எறங்கிட்டமே. காலெல்லாம் அட்டை."

"ரெண்டு தொரைக்கும் எறங்கணும்னா நாம கானுக்குள்ளயே லயம் கட்டிக் குடியிருக்க வேண்டியதுதான்."

சிரிப்பு எழுந்தது. அண்ணன் காரை நிறுத்தினார். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. தலைப்பாகையைத் திரும்பக் கட்டவுமில்லை.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. சத்தம் கேட்டா கை தன்னால போயிருது."

"அதுக்கென்ன கங்காணி, தலைய மூடுங்க. நனையிறீங்க."

"நீங்க போங்கய்யா. பொறவு கட்டிக்கிறேன்."

ஐந்தாம் முடக்கிலும் ஒரு கூட்டம் இறங்கியது. ஏழாம் முடக்கில் இன்னொன்று. அண்ணன் ஹாரன் அடித்துத் தன்னைக் காட்டியிருக்கலாம்; தலையை வெளியே நீட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. கண் நேராகப் பாதையில் இருந்தது. கேட்டில் நுழைந்தபோது அவர் அப்படி உட்கார்ந்திருக்கவில்லை.

வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் இறங்காமல் இருந்தார்.

"எத்தன பேரு எறங்கினாங்க? நீ எண்ணியிருப்ப."

"முப்பத்தொண்ணு."

"முப்பத்திரண்டு. கங்காணிய விட்டுட்ட."

காரை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தார். போகும்போது முடக்குக்கு முடக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போனதாக அண்ணி சொன்னார்.

தோட்டத்துப் பாதை தோட்டத்தின் சொத்து. உத்தியோகத்தர் யார் வண்டி வாங்கினாலும் அதை உள்ளே கொண்டுவர, வைத்திருக்க, துரையின் கையெழுத்துள்ள கடிதம் வேண்டும். திங்கட்கிழமை அண்ணன் ஆபீசுக்குப் போய்க் கேட்டார். சனிக்கிழமை விஷயம் துரையின் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. துரை கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார், சிகரெட் நீட்டினார், இரண்டு கார்களைப் பற்றியும் அரைமணி நேரம் சந்தோஷமாகப் பேசினார். மறுநாள் கடிதம் வந்தது. அண்ணனுக்கு நன்றாகவே இங்கிலீஷ் தெரியும். இருந்தும் அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "வாசி" என்றார்.

ஐந்து வாக்கியம். நாலு சிலிண்டர் காரைத் தோட்டத்துக்குள் கொண்டுவர ஆட்சேபம் இல்லை. வேறு நிறம் பூசிக்கொள்ள வேண்டும். தொழிலாளர்களுக்குக் குழப்பம் வராதபடி ஒவ்வொரு முடக்கிலும் ஹாரன் அடிக்க வேண்டும். ஆறு சிலிண்டர் கார் தோட்டத்துப் பாதைக்குப் பொருத்தமானதல்ல. அதற்கு அனுமதி தர இயலவில்லை.

இரண்டு தடவை வாசித்தேன். அவர் என் அறையில் கதவுக்கும் மேசைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார்.

"ஏற பதினொண்ணு, எறங்க பதினொண்ணு," என்றார். "ரெண்டு நட போனா நாப்பத்தி நாலு. ஒரு நாளைக்கு நாப்பத்தி நாலு வாட்டி, நான் தொரை இல்ல, நான் தொரை இல்லன்னு ஊதிக்கிட்டே போகணும்."

அண்ணியிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அண்ணி கொடுத்த பதில்: "ஊதுனா என்ன. நீங்க தொரை இல்லதானே."

சின்னத்துரை வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கேட்டிருந்தார். புதன்கிழமை அண்ணன் பச்சைக் காரைச் சாம்பல் நிறமாக்க என்ன செலவாகும் என்று விசாரித்தார். வியாழக்கிழமை காலை அது வேண்டாம், நீலம் பூசலாம் என்றார். அன்று பிற்பகல் ஃபேக்டரியில் ஒரு ஈடு கொழுந்து பதம் தவறிப்போனது. அவர் வேலையில் அப்படி நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. புளித்த கொழுந்தின் பக்கத்திலேயே நின்றாராம். மூக்கு வேறெங்கோ இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அண்ணி நேராகவே கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"அந்தப் பெரிய கார வாங்கினா எங்க வைப்பீங்க?"

"கேட்டுக்கு எதிர்ல, மொதலாளியோட தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்துல தகரக் கொட்டகை சும்மா கெடக்கு."

"மோட்டார் சைக்கிளயும் வித்துருவீங்க. அப்ப கேட்டுலருந்து வீட்டுக்கு?"

"நடப்பேன்."

"வீட்டுக்குக் கொண்டுவர முடியாத கார் எதுக்குங்க?"

"ஓட்டுறதுக்கு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வெண்ணெய் நிறக் காரை வாங்கினார். மோட்டார் சைக்கிளைப் பெரிய கிளாக்கரின் மைத்துனர் எடுத்துக்கொண்டார். ரேடியோவும் போனது, பிள்ளைகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு பதினொரு முடக்கும் நடந்து இறங்கி வருவார். கொட்டகைக் கதவைத் திறந்து காரைத் துடைப்பார். பிறகு நானுஓயா, நுவரெலியா, இறம்பொடை. இறம்பொடை வளைவுகளில் அவர் ஓட்டும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். நன்றாக ஓட்டுவார். பேசமாட்டார். திரும்பி வரும்போது கேட்டைக் கண்டும் நிறுத்தாமல் ஹட்டன்வரை போய்விட்டு மறுபடி வருவார். சில நாள் இரண்டு தடவை. ஏனென்று கேட்டதற்கு, எஞ்சின் சூடு இன்னும் சரியாக வரவில்லை என்றார். அறுபது மைல் ஓடிய பிறகு சொன்ன பதில் அது.

நடந்து ஏறும்போது பெண்கள் விடவில்லை.

"என்னங்கய்யா, காருக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. தூங்குது."

"நல்ல காருங்கய்யா. எங்கள கானுக்குள்ள எறக்காத காரு."

சில மாதங்களில் அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிறு, பிற்பகல் நாலு பத்து. கேட்டுக்கு எதிரே முதலாளி கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். மழை. தலவாக்கலைப் பக்கமிருந்து வெண்ணெய் நிறக் கார் கூரையை மூடிக்கொண்டு வந்தது. அண்ணனுக்குப் பக்கத்தில் பெரியதுரை உட்கார்ந்திருந்தார். அவருடைய பச்சைக் கார் வழியில் நின்றுபோயிருந்தது. அண்ணன் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். துரையைக் கண்டதும் கேட்டுக் காவல்காரர் இரண்டு கதவையும் அகலத் திறந்தார்.

கார் கேட்டுக்குள் போகவில்லை. கொட்டகை முன்னால் நின்றது. அண்ணன் எஞ்சினை அணைத்தார்.

துரை கேட்டைக் காட்டி ஏதோ சொன்னார். கடைக்கும் காருக்கும் பத்தடிதான். அண்ணன் இங்கிலீஷில் சொன்னது தெளிவாகவே கேட்டது.

"இதற்கு மேல் அனுமதி இல்லை, சார்."

"நான்தானே சொல்கிறேன். போங்கள்."

"கடிதம் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது, சார்."

துரை கொஞ்ச நேரம் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பான் நின்றுவிட்டதால் கண்ணாடியில் தண்ணீர் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பத்திரிகைக்காரன் என்பது அவருக்குத் தெரியும். என் சட்டைப் பையில் குறிப்புப் புத்தகமும் பென்சிலும் இருந்தன. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

துரை கதவைத் திறந்து இறங்கினார். தொப்பி இல்லை, மழைக்கோட்டு இல்லை. அண்ணன் காரைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, இருக்கைக்குப் பின்னாலிருந்து எடுத்த குடையோடு வந்து சேர்ந்துகொண்டார். காவல்காரர் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார். இருவரும் அவரைக் கடந்து உள்ளே நடந்தார்கள். துரை ஓரடி முன்னால், அண்ணன் ஓரடி பின்னால். மழை வலுத்தது.

கேட்டிலிருந்து முதல் முடக்கு ஏறக்குறைய இருநூறு கெஜம். அவர்கள் அதில் திரும்பி மறையும்வரை குடை அண்ணன் கையில் மடக்கியே இருந்தது.