கலீஜ் என்றொரு கோப்புறை

இன்று காலை மடிக்கணினி, வட்டில் இடமில்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. கோப்புறை ஒவ்வொன்றின் எடையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அழிக்கும் விசையைத் தொட்டதும், நண்பரே, வழக்கம்போல் விரல் நின்றுவிட்டது. ஒருமுறை நான் இப்படி இடம் தேடியதில் ஒரு மனிதரின் குரல் போயிற்று.

சூடேறிய கணினித் திரையின் தூசு மணம் எனக்கு எப்போதும் கருவாட்டு மணத்தோடுதான் நினைவுக்கு வரும். கல்மண்டபம் பகுதியில், தேவாவின் வீட்டு முன்னறையில் இரண்டும் கலந்தே இருந்தன. தேவா என் கல்லூரித் தோழன். பேச்சுப் போட்டிகளில் நாங்கள் இருவரும் ஓர் அணி. அவன் அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பவர். 'ஆரியா' என்று அவர் கூவினால் மேலே இருப்பவன் பாரத்தை இறக்குவான். கப்பல் இரைச்சலையும் தாண்டிப் போகும் குரல் அது. மகன் படிப்புக்காக அவர் வாங்கித் தந்த கணினியின் வட்டு நான்கு ஜிபி. அன்று அது எங்களுக்குக் கடல். ஆறே மாதத்தில் குட்டையாயிற்று.

நானோ தெற்கிலிருந்து வந்த மளிகைக்காரரின் மகன். பள்ளி நாள் தொட்டுப் பேச்சுக்குக் கோப்பைகள் வாங்கியவன். தேநீர் கேட்டால்கூட மோனையோடு கேட்பேன் என்பது தேவாவின் கிண்டல். அவன் 'வூடு' என்றும் 'கீது' என்றும் சொல்லும்போதெல்லாம் திருத்துவேன். பேச்சுகளை அந்தக் கணினியில் பதிவு செய்து, பிசிறு நீக்கிக் கேட்பது எங்கள் பயிற்சி. ஒருநாள் நான் முழங்கிக்கொண்டிருந்தபோது அவன் அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னா பேச்சாளரே, தொண்ட கீஞ்சிடப் போவுது. தண்ணி குடிச்சிகினு பேசு நைனா."

நல்ல பதிவு கெட்டதே என்று எனக்கு எரிச்சல். அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தேன்.

அடுத்த ஆண்டு நோய் வந்தது அவர் தொண்டைக்குத்தான். புற்று என்றார்கள், குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தேவாவும் அங்கேயே தங்கினான். எனக்குப் போட்டி நெருங்கியிருந்தது. "சாவி பக்கத்து வூட்ல கீது. நீ போயி பேசிப் பாரு மாமு" என்று அவனே சொன்னான்.

தலைப்பு, 'அறிவியல் வளர்ச்சி ஆக்கமா, அழிவா?' நான் ஆக்கத்தின் பக்கம். பதிவைத் தொடங்கியதும் இடமில்லை என்றது கணினி. எடை பார்த்தேன். பாடக் குறிப்புகள் இரண்டு எம்பி. பாட்டுகள் முந்நூறு. ஆங்கில எழுத்தில் 'கலீஜ்' என்று ஒன்று, எழுநூறு! அழுக்கு, குப்பை என்பதுதானே பொருள்? வயதுக்குரிய படங்கள் எவற்றையோ சேர்த்துவைத்திருக்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். திறந்து பார்ப்பதே இழுக்கு என்று கருதும் ஒழுக்கசீலன் நான். குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல் அடியோடு அழித்தேன். காலியான இடத்தில் என் உரையை ஏழெட்டு முறை பதிவு செய்தேன்.

மூன்றாம் நாள், அறுவை முடிந்தபின் மாற்றுடை எடுக்க வந்த தேவா கணினியைத் திறந்தான்.

"கலீஜ்னு ஒண்ணு இருந்துச்சே, எங்க மாமு?"

"அந்தக் குப்பையா? அழிச்சிட்டேன்டா. எழுநூறு எம்பி மிச்சம்!"

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "எங்க நைனா பேசுனது மாமு. ஆபரேசனுக்கு மின்னாடி ஒரு வாரம் ஒக்கார வெச்சு எடுத்தேன். 'என் கலீஜ் பேச்ச பொட்டில போட்டு இன்னாடா பண்ணப் போற'ன்னு சிரிச்சாரு. அதயே பேரா வெச்சிட்டேன்."

கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பழுதுபார்ப்பவரிடம் போனோம்.

"அயிச்சதோட வுட்டுருந்தா தேடியிருக்கலாம் தலைவா," என்றார் அவர். "அதும்மேலயே இன்னாத்தயோ ஏத்தி வெச்சிகீறீங்களே!"

ஏற்றி வைத்தது ஆக்கத்தின் பக்கம் நின்ற என் உரையை.

முதற்பரிசு எனக்கே கிடைத்தது. மருத்துவமனைக்குப் போனேன். கழுத்தில் துளையோடு கிடந்தவர், சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'கெலிச்சியா நைனா?' தலையசைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில், தேவா எதையும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. வசையைத் தாங்கியிருப்பேன்.

தேவா அதன்பின் மேடை ஏறவில்லை. மூன்றாண்டில் அப்பா போனார். வீட்டைக் காலி செய்துகொண்டு அவன் எண்ணூர்ப் பக்கம் போனான். மாமு என்று என்னைக் கூப்பிட இப்போது ஒருவருமில்லை. பாரந்தூக்கிகளும் கீழிருந்து வரும் குரலுக்காகக் காத்திருப்பதில்லை.

இன்று காலை விரல் நின்ற கோப்புறையில் இருப்பவை, குறுவட்டில் அன்று எடுத்துவைத்த என் பழைய பேச்சுகள். அவர் எட்டிப் பார்த்த நாளின் பேச்சும் அதில் இருக்கிறது. ஓடவிட்டேன். ஒன்பதாம் நிமிடத்தில் அந்த வெட்டு. கைதேர்ந்த வெட்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஓர் இருமல்கூட மிஞ்சவில்லை. ஒலியைக் கூட்டிக் கூட்டி நான்கு முறை கேட்டேன்.

என் குரல்தான் வருகிறது.