அப்பாவின் காதும் காலும்

கல்லூரி ஆய்வகத்தில் இசைக்கவை என்று நாங்கள் படித்த அந்த இரண்டு பல் இரும்பை, டாக்டரம்மா தன் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, அப்பாவின் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் நிறுத்துவார். அதிர்வு தெரிகிறதா, எப்போது நிற்கிறது என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் கால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க, எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் அவரிடம் இருந்த கருவி அது ஒன்றுதான். “தெரியுது... இப்ப நின்னுடுச்சு” என்று அப்பா ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லித் தேறிவிடுவார். துணைக்குப் போன என்னைப் பார்த்து ஒரு பெருமிதச் சிரிப்பு வேறு.

அப்பாவுக்குத் தேரடிப் பக்கம் பாத்திரக்கடை. பித்தளைக் குடமோ வெண்கலப் பானையோ, விரல் முட்டியால் தட்டிக் காதருகே பிடிப்பார். மயிரிழை விரிசல் இருந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். கடையில் கறார், வீட்டில் குழந்தை. அம்மா ஒளித்து வைக்கும் அதிரசத்தை மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பௌர்ணமிதோறும் மலை சுற்றுவார், வெறுங்காலோடுதான். மலையே சிவனாக இருக்கும்போது செருப்புக் காலோடு சுற்றுவதா என்பார். ஒரு சித்திரை மாதம், வெயில் ஏறிய பிறகு சுற்றி முடித்து வந்தவர், “தார் ரோடு கொதிக்குது, எல்லாரும் குதிச்சுக் குதிச்சு ஓடறாங்க. எனக்குச் சூடே தெரியல. எல்லாம் அண்ணாமலையார் கிருபை” என்றார். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

சாயங்காலம் அவர் கால் நீட்டிப் படுத்திருந்தபோதுதான் அம்மா பார்த்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் தொங்கியது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

மறுநாள் டாக்டரம்மா புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, கவையைத் தட்டி வைத்தார். அப்பா வழக்கம்போலத் தேறினார். “உணர்ச்சி நல்லாதான் இருக்கு. அப்புறம் இவ்ளோ வெந்தது எப்படிங்க தெரியாம போச்சு?” என்று டாக்டரம்மா குழம்பினார். மறுபடி தட்டி வைத்த நேரத்தில், தவிலும் நாயனமுமாக ஒரு கல்யாண ஊர்வலம் வாசலைக் கடந்தது. அப்பா கண்ணை மூடியபடி காத்திருந்தார். பிறகு, “வைங்க டாக்டரம்மா, ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார். கவை அவர் விரல் மேல்தான் இருந்தது.

மேளம் அடங்கியதும், இரண்டு காதையும் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு மீண்டும் வைத்தார். கவை விரல் மேல் அதிர்ந்துகொண்டிருந்தும் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத அந்த மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டே அவர் இத்தனை நாள் தேறியிருக்கிறார். ஏமாற்ற நினைத்தவரல்ல. சத்தம் கேட்பதும் அதிர்வு தெரிவதும் வேறு வேறு என்று பாத்திரக்காரரான அவருக்குத் தோன்றியதே இல்லை.

“இது கிருபை இல்லீங்க. காலு மரத்துப் போச்சு. இன்னொரு தரம் இப்படி ஆனா காலையே எடுக்க வேண்டி வரும். இனிமே வெறுங்காலோட நடக்கவே கூடாது.”

“மலை சுத்தவுமா?” என்றார் அப்பா.

“கால் இருந்தாதானே சுத்துவீங்க.”

புண் ஆறும்வரை வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்து வந்த பௌர்ணமிக்கு அவராகவே போய் ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி வந்தார். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க வேட்டியைத் தழையத் தழையக் கட்டினார். வழியில் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் ஷூவைக் கழற்றிவிட்டு, அம்மா விரித்த துண்டின் மேல் நின்று கும்பிட்டார். அதன்பின் ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் அம்மா அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “கடையில நான் குடம் பாக்கற மாதிரி பாக்கறா பாரு” என்று என்னிடம் கண்ணடிப்பார். கடைசிவரை இரண்டு காலோடும் நடமாடினார் என் அப்பா.

இப்போது எனக்கும் சர்க்கரை. போன மாதம் ஓர் இளம் டாக்டர் அதே மாதிரிக் கவையைத் தட்டினாள். கண்ணை மூடச் சொன்னாள். நான் காதையும் சேர்த்துப் பொத்திக்கொண்டேன். கட்டைவிரலில் அதிர்வு குறுகுறுவென்று ஏறியது. தெரியுது என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன்.

“காதை ஏம்மா மூடிக்கிட்டீங்க?” என்று கேட்டாள்.

“எங்கப்பாவுக்குக் காது ரொம்ப நல்லா கேக்கும்மா” என்றேன்.