தேவிஸ்ரீயைப் பாஸாக்கக் கிளம்பிய மாதர் குழு

தேவிஸ்ரீயை எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மலாக்கா டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. எங்கள் ஊரான புலாவ் செபாங்கிலிருந்து கார் ஓட்டிப் போய் வருகிறாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். எனக்குப் பேச்சு குறைவு. ஆனால் துணி காயப்போடும்போது அந்தப் பக்கம் நடப்பது கண்ணில் படத்தானே செய்யும்.

வேலையை விடாமலே தாதியியலில் மாஸ்டர்ஸ் படிக்கச் சேர்ந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் சீருடையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறப்பாள். சனிக்கிழமை வேலை இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனை கார் பார்க்கில் காருக்குள் உட்கார்ந்து வகுப்பைக் கேட்பாள். ஒருநாள் அரிசி களைந்து குக்கரில் வைத்தவள், சுவிட்சைப் போடாமல் பாடத்தில் உட்கார்ந்துவிட்டாள். லோரி ஓட்டிவிட்டுப் பசியோடு வந்த அவள் புருஷன் தினேஷ்வரன் மூடியைத் திறந்து பார்த்தான்.

"மிஸ்ஸி, அரிசி இன்னும் வெயிட்டிங் ரூம்லயே இருக்கு. எப்ப உள்ள கூப்பிடுவீங்க?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் சோறு நீட்டினேன்.

படிப்பின் கடைசிப் பகுதி ஓர் ஆய்வு. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் உள்ள நம் பெண்கள் தங்கள் கால்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நேரில் கேட்டு எழுத வேண்டும். வார்டில் கால் எடுக்கப்பட்டுப் படுத்திருந்த பெண்களைப் பார்த்துப் பார்த்து அவளாகத் தேர்ந்தெடுத்தது அது. கோயில் மாதர் குழுவிடம் வந்து கேட்டாள். குழுத் தலைவி பெரியநாயகி, எங்கள் எல்லாருக்கும் பெரியம்மா, அங்கேயே உத்தரவு போட்டுவிட்டார்.

"நம்ம பிள்ளை படிக்குது. இனிப்பு நீர் உள்ளவ ஒருத்தி பாக்கி இல்லாம வந்துடணும்லா."

தேவிஸ்ரீயின் லீவு நாட்களில் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெளியே காத்திருந்தவர்களுக்கு நான் தேநீர் ஊற்றினேன். எல்லார் உதடும் அசைந்துகொண்டே இருந்தது. பெரியம்மா ஒவ்வொருவர் காதிலும் குனிந்து ஏதோ சொன்னார். பிள்ளைக்காக சாமி பாட்டு சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு மதியம், தேவிஸ்ரீ வேலையிலிருந்து வந்து போர்ச்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலணியைக் கழற்றவில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருக்காங்கக்கா. தினமும் கால் பார்க்கிறாங்களாம். சிலிப்பர் இல்லாம நடக்கவே மாட்டாங்களாம். இதை ஏத்துக்க முடியாது, மறுபடியும் கேளுன்னு லெக்சரர் சொல்லிட்டாங்க. இந்த மாசம் முடிக்கலன்னா இன்னொரு செமஸ்டர் இழுக்கும். அதுவரைக்கும் ஷிஃப்ட் மாத்தித் தர முடியாதுன்னு மேட்ரன் சொல்றாங்க. நிறுத்திடலாம்னு இருக்கேன்."

கோயிலுக்கு நடந்து போய்ப் பெரியம்மாவிடம் விஷயத்தை மட்டும் சொன்னேன். அரைமணி நேரத்தில் மாதர் குழு அந்த போர்ச்சில் நின்றது.

"யாருடி தப்பா சொன்னது?" பெரியம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "பாக்கியம், நீதானே?"

பாக்கியலட்சுமி நெஞ்சில் கை வைத்தாள். "சாமி சத்தியமா நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னேன் பெரியம்மா. தினமும் கண்ணாடி வெச்சு உள்ளங்கால் பார்ப்பேன்."

"சரியாத்தானே இருக்கு!"

"சரிதான். ஆனா எங்க வீட்டுக் கண்ணாடி அலமாரி கதவுல இருக்கு. அதுல நான் எப்படிக் காலைத் தூக்கி…"

தேவிஸ்ரீ மெதுவாக நிமிர்ந்தாள். "பெரியம்மா, சொல்லிக் கொடுத்தீங்களா?"

"பின்னே? கிளினிக் சுவத்துல படம் ஒட்டியிருக்கே, அதைப் பார்த்து எல்லாருக்கும் மனப்பாடம் பண்ண வெச்சேன். நாங்க தப்பா சொல்லி நீ ஃபெயிலானா எங்களுக்குத்தானே அவமானம்?"

"சரின்னும் தப்புன்னும் எதுவும் இல்லேன்னு முதல்லயே சொன்னேனே!"

"எல்லா வாத்தியாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் மார்க்க கொறைச்சிடுவாங்க."

தேவிஸ்ரீ சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பரீட்சை உங்களுக்கு இல்ல பெரியம்மா. வீட்டுல உண்மையா என்ன செய்றீங்களோ, அதுதான் எனக்கு வேணும்."

"தப்பா செஞ்சாலுமா?"

"அதுதான் ரொம்ப வேணும்."

"அலாமாக்! அது எங்ககிட்ட நெறைய இருக்குலா!"

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பாக்கியலட்சுமி புருஷனின் சவர பிளேடால் கால் ஆணியை வெட்டுகிறாளாம். இன்னொருத்தி புண்ணுக்குப் பற்பசை தடவுகிறாளாம். கிளினிக் கொடுத்த நல்ல செருப்பைப் பெரியம்மா பிளாஸ்டிக்கோடு பத்திரமாக வைத்திருக்கிறாராம், மகன் கல்யாணத்துக்கு.

"இதுக்கு மார்க்கு உண்டா பாரு," என்று அவர் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் குதிகாலைக் காட்டினார். வெடிப்புக்குள் ஒரு புண். "வலிக்கவே இல்ல. அதனால சும்மா விட்டுட்டேன்."

தேவிஸ்ரீயின் சிரிப்பு நின்றது. தரையில் மண்டியிட்டு அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். "வலிக்காததுதான் பெரியம்மா ஆபத்து," என்றாள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அவரைக் கிளினிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். படிப்பை நிறுத்துவதைப் பற்றி அப்புறம் அவள் பேசவில்லை.

லெக்சரரிடம் நடந்ததைச் சொல்லி, லீவு நாட்களில் மறுபடியும் ஒவ்வொருவரிடமாகக் கேட்டாள். அந்த நேரங்களில் பெரியம்மாவை என் வீட்டுக்குள் உட்கார வைத்திருப்பது என் வேலை. லேசான வேலை இல்லை. முறுக்கு கொடுத்தேன், டிவியில் நாடகம் போட்டுவிட்டேன். காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே எழுந்து சுவர்ப் பக்கம் போனார்.

"பாக்கியம் பிளேடு விஷயத்தை மறக்காம சொல்றாளான்னு பார்க்கணும்லா."

"உட்காருங்க பெரியம்மா," என்று கையைப் பிடித்து இழுத்தேன். நான் ஒருவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவரே ஆச்சரியப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வை அந்த மாதக் கடைசியில் கொடுத்தாள். பதில் வந்த அன்று, சீருடையோடு சுவர் ஓரம் வந்து நின்று, "பாஸ் அக்கா!" என்று கத்தினாள். என் கையிலிருந்த ஈரத்துணி மண்ணில் விழுந்தது.

என் வீட்டு நாற்காலியில் பெரியம்மா இருந்தார். குதிகால் ஆறியிருந்தது. கல்யாணத்துக்கு வைத்திருந்த செருப்பு காலில் இருந்தது. வேகமாக எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இரும்மா. அது கிடக்கட்டும், யார் தப்பு மார்க்குல முதல்ல வந்துச்சு? என்னுதா, பாக்கியத்துதா?"