பெண் கேட்டுப் போன சிங்கிக்காரன்

பெண் கேட்கப் போகிறவன் வாயைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்த அறிவு கிடையாது.

நான் கடற்கரைக்காரன். பிடிப்பது சிங்கி இறால். உடம்பெல்லாம் முள், முன்னால் முழ நீள மீசை. சாயங்காலம் கடலடிப் பாறையான பார் ஓரம் வலையைப் போட்டுவிட்டு விடியலில் இழுப்போம். என் தாத்தா காலத்தில் வலையைக் கிழிக்கிற சனியன் என்று அதைத் திட்டிப் பிய்த்து எறிவார்களாம். வெளிநாட்டுக்காரன் தின்னத் தொடங்கிய பிறகு அதற்கு வந்த மவுசு எங்களுக்கு வரவில்லை. அது உயிரோடு விமானத்தில் போகிறது. நான் இன்றுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். கால் ஒடிந்து விலைபோகாத சிங்கிதான் எங்கள் குழம்புக்கு.

அவள் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்காட்டுப் பெண். காய்ச்சலுக்கு ஊசி போடப் போனவன், காய்ச்சல் விட்ட பிறகும் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்கும் என்னைப் பிடித்துப்போனது. ஏன் என்று இன்னும் கேட்கத் துணிவில்லை. ஆனால் அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவர் பண்ணையாளாக இருந்து, கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்து, போலீஸ் அடி வாங்கி, கடைசியில் கொஞ்சம் நிலத்துக்குப் பட்டா வாங்கியவர். அவர் வேண்டாமென்றால் அவள் எனக்கில்லை. சோறு இறங்காமல் திரிந்தேன்.

நான் போனது தடைக்காலத்தில். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் நிறுத்திவைக்கும் அந்த நாட்களில், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து சிங்கி வலையையும் கரையேற்றச் சொல்லிவிடும். அவர் வீட்டில் அரசு கொடுத்த கலர் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி இப்ப என்ன பண்றீங்க?”

“இப்ப சும்மாதாங்க இருக்கேன்.”

“மத்த நாள்ல?”

“மத்த நாள்ல சிங்கிங்க, மாமா.”

எங்கள் கரையில் சிங்கி என்றால் தொழில். மற்ற இடத்தில் ஒருவன் சிங்கி அடிக்கிறான் என்றால் சோற்றுக்கே வழியில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. போதாக்குறைக்கு, முறையாகாத மனிதரை மாமா என்று வேறு கூப்பிட்டிருந்தேன். உள்ளறையில் அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் வெளியே கேட்டது.

“சும்மா இருக்கறதுக்கும் சிங்கி அடிக்கறதுக்கும் நடுவுல எப்ப சாப்புடுவீங்க?” என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார்.

அது ஒரு இறால் என்று கையை விரித்து, மீசையெல்லாம் வைத்து நடித்துக் காட்டினேன். “கடலுக்குப் பட்டா உண்டா?” என்றார். இல்லை என்றேன். ஒருநாள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தடை முடிந்து ஒரு விடியலில் மகளோடு கரையில் வந்து நின்றார். அன்று பார்த்து வலையில் குப்பையும் பொடி நண்டும்தான். வலையைப் பிரித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரே ஒரு சிங்கி, நல்ல பெரியது. முதுகைப் பிடித்து அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். வாலுக்கு அடியில் கொத்துக் கொத்தாகச் சினை தொங்கியது.

சினை சிங்கியைக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் ஊர்க்கட்டுப்பாடு. பக்கத்தில் நின்ற வியாபாரி என் காதோரம், “பிரஷ்ஷ வச்சு சினையச் சுரண்டிடுண்ணே, எவனுக்குத் தெரியப்போவுது?” என்றான். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நானும் சம்பாதிக்கிறவன்தான் என்று காட்ட அன்றைக்கு என்னிடம் வேறெதுவும் இல்லை. நேர்மையால் மறுத்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஊர்க்கூட்டத்தில் அவள் பார்க்கக் கைகட்டி நிற்க வேண்டுமே என்ற பயம்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை விட்டேன். பெரிய வீரன் மாதிரித் திரும்பியவனை ஓர் அலை குப்புறத் தள்ளியது. வாயெல்லாம் மணல், கைலியைப் பிடித்துக்கொண்டே கரையேறினேன்.

அவர் என் வெறும் கூடையைப் பார்த்தார்.

“புடிச்சது ஒண்ணு. அதையும் விட்டுட்டீங்க?”

“ஆமாங்கய்யா.”

எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“கல்யாணத்துக்கு அப்பறம் நீ மட்டும் வேலைய விட்டுடாதம்மா.”