பார்லரில் விட்ட கரடி

பார்லர்காரம்மாவின் மகள் வெளிநாடு போய்ப் படித்தது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. "சாக்கடை நம்ம தெருவுலயே ஓடுதே, அதைப் பார்க்க பிளேன் ஏறணுமா?" என்று சித்தி கேட்டாள். போகும்போதும் கேட்டாள். படிப்பு முடிந்து திரும்பியபோதும் கேட்டாள்.

வீட்டின் முன்னறைதான் பார்லர். முகத்தில் பேக் பூசிக்கொண்டு மல்லாந்து கிடந்த ஒவ்வொருத்தியும் "அங்க எப்படி இருந்துச்சு?" என்றாள். மகள் உண்மையைத்தான் சொல்லிப் பார்த்தாள். போன புதிதில் தன்னிடம் பேசிய ஒரே குரல் லிஃப்ட்டுடையது என்றாள். வகுப்பில் எல்லோரும் சிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தானும் சிரித்ததாகச் சொன்னாள். கேட்டவர்களுக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை.

"பனி பெய்யுமா?"

"பெய்யும்."

"அட!"

அத்தோடு மொத்தப் படிப்பும் முடிந்தது.

ஒருநாள் வங்கிக் காசாளர் அக்கா, "வேற ஒண்ணுமே நடக்கலையாடி?" என்று கொட்டாவி விட்டாள். மகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஹாஸ்டல் சமையலறைக்குள்ள கரடி வந்துச்சு."

அக்காவின் முகத்தில் பேக் விரிசல் விட்டது.

சாயங்காலத்துக்குள் கரடி தெருவைச் சுற்றிவிட்டது. மருந்துக்கடைக்கு வரும்போது அதற்கு உயரம் கூடியிருந்தது. சித்தி வீட்டில் குட்டியே போட்டுவிட்டது. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர், "கரடிப் பொண்ணு நீதானேம்மா?" என்று எழுந்து இடம் கொடுத்தார். அவளுக்கும் கசக்கவில்லை. கேட்டவர்களுக்காகக் கரடியை இன்னொரு முறையும் வரவழைத்தாள். ஆனால் தனியாக இருக்கும்போது எரிச்சலாக வந்தது. அங்கே கிடந்து அல்லாடியது அவள், பேர் வாங்குவது கரடி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டலில் அறையைப் பகிர்ந்த தோழி தன் ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா எட்டிப் பார்த்து, "கரடி எவ்வளவு பெருசுன்னு கேளு" என்றாள். வேறு வழியில்லாமல் மகள் மொழிபெயர்த்தாள். தோழி ஒரு கணம் விழித்தாள். பிறகு இரண்டு கையையும் அகல விரித்தாள்.

மகளுக்கு உயிர் வந்தது. அதற்குள் தோழியின் அப்பா திரைக்குள் தலையை நீட்டி, ஏதோ அக்கறையாகக் கேட்டார். தோழி நெளிந்துகொண்டே அதைச் சொன்னாள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினாள்.

"அம்மா, நம்ம வீட்டு முதலை எப்படி இருக்குன்னு கேக்குறாரு."

அம்மா, மூலை நாற்காலியில் வாயைத் திறந்து குறட்டை விட்ட அப்பாவைப் பார்த்தாள். "அதுக்கென்ன, தின்னுட்டுத் தூங்குதுன்னு சொல்லு."

போனை வைத்ததும் அம்மா பிரஷ்களைக் கழுவ உட்கார்ந்தாள். "கரடி வரவே இல்ல, அப்படித்தானே?"

"எப்படிம்மா தெரியும்?"

"வந்திருந்தாலும் உனக்கெப்படித் தெரியும்? நீ என்னிக்கு சமையலறைப் பக்கம் போன?"

மகள் ஒரு பிரஷை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சரி, என்னதான் நடந்துச்சு?"

துணி துவைக்கும் அறையில் அழப்போன கதையை மகள் சொன்னாள். மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நம்பிப் போனால், அங்கே ஏற்கெனவே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவள்தான் இந்தத் தோழி. துணியே போடாமல் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு...

அழைப்பு மணி அடித்தது. அம்மா ஈரக்கையோடு கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"பார்லர் லீவு. நாளைக்கு வாங்க."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "பார்த்துட்டு?"