இரண்டு வீட்டுக்கு ஒரு டப்பா

செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மேல் மாடியில்தான் நாங்கள் கம்ப்யூட்டர் படித்தோம். நாங்கள் என்றால் நானும் என் பெரியப்பா மகனும். கீழே தறி ஓடினால் மேலே மேசை நடுங்கும், மானிட்டரில் எழுத்து ஆடும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்று கணக்கு. ஒரே ஊர், ஒரே சாயல் என்று பார்த்து எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு மோட்டார். கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது, மோட்டாரும் பொது. ஒரு கோடையில் அது எரிந்துபோனது. யார் முறையில் எரிந்தது என்று தொடங்கிய பேச்சு, யார் வீட்டுச் சோற்றை யார் தின்றது என்பது வரைக்கும் போய்விட்டது. அதிலிருந்து ஒரே தெருவில் இருந்துகொண்டு இருவரும் முகம் பார்ப்பதில்லை. எதிரே வந்தால் ஒருவர் செருப்பைச் சரிசெய்வார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். மழை வருமா என்று பார்க்கிறாராம்.

நானும் அண்ணனும் மட்டும் அந்த மாடியில் ஒரே கீபோர்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அவனுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு. கரண்ட் போனால் கீழே இறங்கி, தறிச் சத்தம் நின்ற அந்த அமைதியில் சந்து முனையில் டீ குடிப்போம். ஊரில் பஸ் இறங்கும்போது அவன் முன்னால் இறங்கிப் போய்விடுவான். நான் கொஞ்சம் பின்தங்கிப் போவேன். அந்த டீயின் ருசி எனக்கு இன்னும் வேறெங்கும் கிடைக்கவில்லை.

நாங்கள் முதன்முதலில் உருப்படியாக எழுதிய புரோகிராம் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் விலை. மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம் என்று வருகிற விலையை லூப் போட்டு ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். என்னென்ன பூ வரும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் வருகிற பூவின் பெயரையே, விலையைப் போட்டு வைக்கிற ஃபீல்டுக்கும் பெயராக வைத்துவிடுவோம். சமையலறையில் டப்பா அடுக்குவது போலத்தான். துவரம்பருப்பு வந்தால் ஒரு டப்பா எடுத்து அந்தப் பெயரை எழுதி ஒட்டி நிரப்புகிறோம். சீரகம் வந்தால் அதற்கு ஒன்று. வருகிற சாமானே தன் டப்பாவுக்குப் பெயர் வைத்துக்கொள்ளும்.

அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டப்பா இருந்தால்? கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் புதியதைப் போடும். கேட்காது, சொல்லாது. பூ விலைக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது. விடியற்காலை வந்த மல்லி விலையை, வெயில் ஏறி வந்த விலை அழித்துவிட்டு நிற்கும். கடைசியாக வந்ததுதானே நமக்கு வேண்டும்.

"எம்புட்டு ஈஸியா இருக்கு பாத்தியாத்தா" என்று அண்ணன் நாற்காலியை ஆட்டிக்கொண்டு சொன்னான். அந்த ஈஸி அவன் கையோடு ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அவனும் நானும் வேறு வேறு ஆபீஸில் அதே வேலைக்குப் போனோம், கல்யாணம் ஆனது, நான் திருப்பரங்குன்றத்தில் குடியேறினேன். அப்பாக்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

எங்கள் குலசாமிக்கு மாசியில் திருவிழா. கிடா வெட்டி, கறியைக் கூறு போட்டு, பங்காளிகளில் தலைக்கட்டுக்கு ஒன்று என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம்; அப்பா இருக்கிறவரை கல்யாணமான மகனும் அவர் தலைக்கட்டில்தான் சேர்வான். ஒரு வீட்டின் பெயரைக் கூப்பிடவில்லை என்றால் கறி கிடைக்கவில்லை என்பதல்ல அர்த்தம். நீ எங்களில் ஒருவன் இல்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். மோட்டார் எரிந்த பிறகு அப்பா திருவிழாவுக்கே போவதில்லை. பங்காளி வரிசையில் பெரியப்பா பக்கத்தில் நிற்க வேண்டுமே.

முன்பெல்லாம் கூறு கொடுக்கிறவர் ஆளைப் பார்த்துப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டதில் அவருக்குப் பாதி முகம் தெரியவில்லை. அதனால் அண்ணனிடம் பட்டியல் போடச் சொன்னார்கள். அவன் வாட்ஸாப் குரூப்பில் எல்லோருடைய ஆதார் படத்தையும் வாங்கினான். பிறகு நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். அத்தனை வருடம் கழித்து அந்த வீட்டு ஆள் ஒருவர் எங்கள் வாசலில் நின்றதும் அம்மா உலையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"சித்தப்பா, நீங்க இந்த வருசம் வரணும். பட்டியல் நான்தேன் போடுறேன். உங்க பேரு இல்லாம எப்பிடிப் போகும்?"

 திருவிழாவன்று காலையில் அப்பா வேட்டியை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். துணிப்பை ஒன்றை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. மனுசன் இத்தனை வருடமும் போக ஆசைப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார், கூப்பிடத்தான் ஆளில்லை.

கோயில் பொட்டலில் வெயில் ஏறிவிட்டது. தார்ப்பாயில் கறிக் கூறுகள் வரிசையாக இருந்தன. பட்டியலில் எத்தனை தலைக்கட்டோ அத்தனை கூறு. ஒன்று கூட இருக்காது, ஒன்று குறையாது. அண்ணன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் மைக்கில் கூப்பிட்டார். எங்கள் பங்காளிகளில் பாதிப் பேருக்குச் சாமி பெயர்தான். மூத்த பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்பது நேர்த்தி. அது குழப்பும் என்பதால் இனிஷியலையும் சேர்த்தே ஃபீல்டு பெயர் ஆக்கியிருப்பதாக அண்ணன் முந்தின நாள் போனில் பெருமையடித்துக்கொண்டான்.

அப்பாவின் இனிஷியலும் பெயரும் மைக்கில் வந்தன. அப்பா ஒரு எட்டு முன்னால் வைத்தார். அதே நேரம் அந்தப் பக்கமிருந்து பெரியப்பா நடந்து வந்தார். அவருக்கும் அதே பெயர்தான். மூத்தவருக்கு வைத்த சாமி பெயரையே, இளையவர் பிறந்து பிழைக்க மாட்டார் என்று பயந்த நேரத்தில் அவருக்கும் வைத்துவிட்டார்கள். ஊரில் அவர்கள் பெரியவர், சின்னவர். ஆதாரில்தான் இருவரும் ஒன்று. அப்பா வைத்த எட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றார். பெரியப்பா கூறை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்தது நமக்கு என்று அப்பா நின்றார். அடுத்த பெயர் வேறு. அதற்கடுத்ததும் வேறு. தார்ப்பாயில் கூறு குறைந்துகொண்டே வந்தது. நான் பெண்கள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கழுத்து வேர்த்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"அம்புட்டுத்தேன், கூறு முடிஞ்சுச்சு" என்றார் மைக் பிடித்தவர்.

யாரோ ஒரு பெண் என் காதுபடவே சொன்னார்: "அண்ணன் மகன் போட்ட பட்டியல்ல தம்பி பேரு இல்லையாம்ல." அப்பா துணிப்பையை இன்னும் சின்னதாக மடித்தார். என்னைத் தேடி வந்து, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வாத்தா, வீட்டுக்குப் போவோம்."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவரோடு போகவில்லை. ஆம்பளைகள் பக்கம் பெண்கள் போவதில்லை என்கிற வழக்கத்தை அன்றைக்கு யார் நினைத்தார்? நேரே அண்ணனிடம் போனேன்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்க? கூப்புட்டு வச்சு அவமானப்படுத்தவா எங்கப்பாவ வரச் சொன்ன?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சித்தப்பா பேரு இருக்கேத்தா. கூப்புட்டாகளே. இந்தா பாரு" என்று லேப்டாப்பைத் திருப்பினான்.

இருந்தது. அந்த ஃபீல்டைத் திறந்தால் உள்ளே எங்கள் வீட்டு விலாசம், அப்பாவின் போன் நம்பர், அம்மா பெயர், என் பெயர். எல்லாம் சரி. எனக்குத் தலைக்குள் என்னவோ தட்டியது.

"பெரியப்பா எங்க?"

அவன் பட்டியலில் மேலே போனான், கீழே வந்தான். மறுபடியும் மேலே போனான். சிரிக்காத அண்ணனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். லூப் முதலில் பெரியப்பாவை எடுத்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் அப்பா வந்திருக்கிறார். அதே பெயர், அதே இனிஷியல். அவரைப் போட்டபோது பெரியப்பாவைக் கொட்டிவிட்டது. மல்லி விலை மாதிரி.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னு உனக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும்த்தா. ஆனா சித்தப்பாவ என்னைக்கு நான் பேரு சொல்லி நெனச்சேன்? சித்தப்பான்னுதான நெனப்பேன்."

அதற்கு மேல் நான் எப்படித் திட்டுவது? எனக்கும் அப்படித்தான். அப்பா, பெரியப்பா, அவ்வளவுதான். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது என்பதே ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

ஆக விட்டுப்போனது எங்கள் வீடு இல்லை. அவன் வீடு. பெரியப்பா கையிலிருந்த கூறு அப்பாவுடையது. இதைப் பெரியப்பாவிடம் யார் சொல்வது? அவரோ மூக்குக்கு மேல் கோபம் உள்ள ஆள். "சொன்னா எங்கப்பா என்னைய உரிச்சுத் தொங்கவிட்டுருவாரு" என்றான் அண்ணன். "சொல்லலைன்னா நான் உரிப்பேன்" என்றேன். அப்பா அதற்குள் பொட்டலைத் தாண்டி ரோட்டுக்கு ஏறிவிட்டார்.

பெரியப்பா வேப்ப மரத்தடியில் நான்கைந்து பேரோடு நின்றிருந்தார். அண்ணன் போய்த் தலையைக் குனிந்துகொண்டு, டப்பாக் கதையெல்லாம் சொல்லாமல் நேராகச் சொன்னான். "அப்பா, பட்டியல்ல உங்க பேரு விழுகல. நீங்க வாங்குனது சித்தப்பாவோட கூறு."

பெரியப்பா பையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். நான் அடி விழும் என்று ஒதுங்கி நின்றேன்.

"நான் இல்லையா?"

"இல்லப்பா."

"தம்பி இருக்கானா?"

அந்த வாயிலிருந்து தம்பி என்கிற சொல்லைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். அந்த வயதில் அப்படி ஒரு நடை. நானும் அண்ணனும் ஓடித்தான் பின்னால் போக வேண்டியிருந்தது.

"டேய்" என்றார்.

அப்பா நின்றார். திரும்பவில்லை.

"இந்தா, ஒங்கூறு. நான் மாத்தி வாங்கிட்டேன்."

அப்பா மெதுவாகத் திரும்பினார். "நீ எப்பிடிண்ணே மாத்தி வாங்குவ? மூத்தவன் நீதான."

"எம் பேரே இல்லையாம்டா. ஒம் மகன் என்னைய விட்டுட்டான்."

பெரியப்பா தன் சொந்த மகனைத்தான் ஒம் மகன் என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன். அண்ணன் லேப்டாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குற்றவாளியைப் போல நின்றான்.

"அடுத்த வருசத்துக்குள்ள சரி பண்ணிர்றேம்ப்பா" என்றான். "ஆளுக்கொரு நம்பர் போட்டுட்டாத் தனித்தனியா விழுந்துரும்."

"எதைடா சரி பண்ணப் போற? ஒரு பேரைக் கூப்புடு, ரெண்டு பேரும் வர்றோம். ஒரு கூறு போதும்" என்றார் பெரியப்பா.

பங்காளிகளில் சிலர் வழக்கம் கெடும் என்றார்கள். பெரியப்பாவை எதிர்த்து அதற்கு மேல் யார் பேசுவது? அண்ணன் மற்ற எல்லாருக்கும் நம்பர் போட்டான். இந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவைத்தான். தப்பு என்று தெரிந்தே ஒரு தப்பை விட்டுவைப்பது எங்கள் தொழிலில் உயிர் போகிற சங்கடம். அதன்பிறகு வந்த மாசித் திருவிழாக்களில் அந்தப் பெயர் மைக்கில் வந்ததும் இரண்டு கிழவர்கள் இரண்டு பக்கமிருந்தும் வருவார்கள். பெரியப்பா வாங்குவார், அப்பா பையை விரித்துப் பிடிப்பார். பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துப் பங்கு பிரிப்பார்கள். அதில் உனக்கு எலும்பு அதிகம், எனக்கு ஈரல் குறைச்சல் என்று ஒரு சண்டை தவறாமல் நடக்கும்.

பெரியப்பா இப்போது இல்லை. போன வாரம் அண்ணன் இந்த வருடப் பட்டியலைத் தயார் செய்ய என் வீட்டுக்கு வந்தான். அப்பாவும் என்னோடு இருக்கிறார். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய பழக்கத்தில் நானும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"தலைக்கட்டு மாறிப்போச்சுல்லத்தா. இனி எம் பேரைத்தேன் போடணும்" என்று தன் பெயரை டைப் அடித்தான்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம்.

"தனியா எதுக்குடா போடுற? அந்தப் பேர்லயே கூப்புடட்டும். நீயும் நானும் போயி வாங்குவோம்."

"இல்ல சித்தப்பா, இனிமே அது உங்க பேரு மட்டுந்தான?"

அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"மைக்குல கூப்புடுறப்ப அண்ணனையும் கூப்புட்ட மாதிரி இருக்கும்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன்.  அவன் அடித்து வைத்திருந்த தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.