கேட்கத்தான் முடியும்

கண்ணாடிக் கதவில் ஆள் நிழல் தட்டினால் போதும், ஜெயக்கொடியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தோளாலேயே கதவைத் தள்ளித் திறந்து, "வாங்கம்மா, வாங்க. பெரிய பை இருந்தா கவுண்டர்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்க" என்பாள். செஞ்சிக் கடைத்தெருவிலுள்ள அந்த ஜவுளிக் கடைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்து, பட்டாளத்துப் பயிற்சி போலிருக்கிறது என்று வியந்துகொள்கிறார்கள். பட்டாளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுக்கு யாரையும் தொடப் பயம்.

நாற்பதைத் தாண்டிய உடம்பு. காவலாளியின் வெளிர்நீலச் சட்டை, கருநீலப் பேண்ட், தலையில் தொப்பி. தொப்பிக்கு அடியில் இரண்டு விரற்கடை கனகாம்பரம் எட்டிப் பார்க்கும். அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் புடவையோடுதான் வருவாள். கடைக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூமில் உடை மாற்றுவாள். "பேண்ட்டோட பஸ் ஏறனேன்னு வை, எங்க காலனி நாயிங்களே என்னப் பாத்து கொலைக்கும்" என்று சிரிப்பாள். சட்டைக் காலரின் உள்பக்கம் வரிசையாக ஊக்குகள். மடிப்புக் கலைந்த புடவையோடு எவளாவது தவித்தால் உடனே ஒன்றைக் கழற்றி நீட்டுவாள். நீட்டுவாளே தவிர, குத்திவிட மாட்டாள்.

வெளியே போகும்போது சில நேரம் வாசல் இயந்திரம் வீணாகக் கத்தித் தொலைக்கும். பில் போட்ட பெண் துணியில் மாட்டியிருக்கும் திருட்டுத் தடுப்பு டேக்கைக் கழற்ற மறந்திருப்பாள். வாங்கினவர் முகம் வெளிறிப் போகும். ஜெயக்கொடி அசையாமல் நின்று, "பதறாதீங்க. பைய கொஞ்சம் காட்றீங்களா? நான் கேக்கத்தான் முடியும்மா, தொறக்கறது உங்க இஷ்டம்" என்பாள். மேனேஜர் ஹரிகிருஷ்ணன் கல்லாவிலிருந்து பல்லைக் கடிப்பார். ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்கும் ஒரு பழைய சூடு இருக்கிறது.

பக்கத்து ஏடிஎம்மில் காவலுக்கு இருக்கும் கலியபெருமாளுக்கு, மீசையை முறுக்கிவிட்டால் தானும் பாதி போலீஸ் என்று நினைப்பு. டீ குடிக்கும்போது அவள் அவரை வாரிவிடுவாள். "நம்ப கையில இன்னா பவர் இருக்குது? விசில். ஊதலாம், ஊதிட்டு போலீஸக் கூப்புடலாம். அதுக்கு மேல நீயும் ஒண்ணுதான், இந்த டீக்கடைக்காரரும் ஒண்ணுதான்." கலியபெருமாள் முறைப்பார். கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி; காவல்காரன் பிழைப்பே அப்படித்தானே! சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்தப் பாடத்துக்கு அவள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

விலையின் பெயர் ரஞ்சிதம். அனந்தபுரத்தில் அதே தெரு. இரண்டு பேரும் ஒரே வரப்பில் நின்று நடவு நட்டவர்கள். பிறகு ரஞ்சிதம் செஞ்சியில் கடலை மில்லுக்கு வேலைக்கு வந்தாள், இவள் காவலுக்கு வந்தாள். தினமும் ஒரே பஸ், ஒரே சீட்டு. முதல் நாள் பேண்ட் கொக்கியை மாட்டத் தெரியாமல் ஜெயக்கொடி திண்டாடியபோது, மில்லுக்கு நேரமாகியும் பாத்ரூமுக்குள் கூடவே வந்து மாட்டிவிட்டவள் அவள்தான். "மூச்ச இழுத்துப் புடிடி, போலீசம்மா!" என்று அவள் சொன்னதும் இருவரும் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று வெளியே ஆள் கூடிவிட்டது.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. கடையில் கால் வைக்க இடமில்லை. மகள் வெண்மதிக்குச் சுடிதார் எடுக்க ரஞ்சிதம் வந்திருந்தாள். பட்டுப் பிரிவில் ஒரு அரக்குப் புடவையைக் காணோம் என்று கூச்சல் கிளம்பியது. ஒயர்கூடைக்காரி ஒருத்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள் என்றாள் ஒரு விற்பனைப் பெண். கூடை ரஞ்சிதத்துடையது. கூடையில் ஒன்றுமில்லை. "உங்க ஊர்க்காரிதான? உள்ள கூட்டிப் போய் நீயே செக் பண்ணு" என்றார் ஹரிகிருஷ்ணன்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளை வேலைக்கு அனுப்பிய காவல் ஏஜென்சியில் சல்யூட் அடிக்கவும் தீயணைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். எதைச் செய்யக் கூடாது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அவள் சொல்வது இதுதான்: "வேற எவளோ தொட்டுத் தடவறதுக்கு நான் தொட்டா அவ மானம் போவாதுன்னு நெனச்சேன்."

துணி மாற்றும் அறைக்குள் போனதுமே ரஞ்சிதம் கூடையைக் கீழே வைத்தாள். இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினாள். ஜெயக்கொடி இடுப்பில் தடவினாள், முந்தானையை உதறினாள், கொசுவத்தைக்கூட விடவில்லை. ஒன்றுமில்லை. ஆனாலும் முதலாளி வரும்வரை வைத்திரு என்று மேனேஜர் சொல்ல, வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

வாசலில் காத்திருந்த வெண்மதி படித்த பெண். போலீசுக்குப் போன் போட்டாள். வந்த எஸ்.ஐ. அன்புக்கரசி முதலில் தாழ்ப்பாளைத் திறந்தார். பிறகு ஜெயக்கொடியிடம் திரும்பினார்.

"இந்தம்மா எடுத்ததை உன் கண்ணால பாத்தியா?"

"இல்லீங்க மேடம்."

"பாத்திருந்தா புடிச்சு வச்சு, உடனே எங்ககிட்ட ஒப்படைக்கலாம். அதை ரோட்ல போற யார் வேணும்னாலும் செய்யலாம். இந்தச் சட்டை போட்டதால உனக்குன்னு தனியா ஒரு அதிகாரமும் கிடையாது. உடம்பைத் தொட்டு சோதனை போட யாரு சொன்னா? ரூம்ல பூட்டி வச்சா உள்ள போகப் போறது நீதான், தெரியுமா?"

ஹரிகிருஷ்ணன் வியர்த்துப் போய் நின்றார். அப்போதுதான் ஒரு பெண் ஓடிவந்து, புடவை கிடைத்துவிட்டது என்றாள். வாசல் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்குக் கட்டிவிட்டிருந்தார்களாம். காலையிலிருந்து ஜெயக்கொடி நின்றது அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

"புகார் எழுதிக் குடும்மா" என்றார் எஸ்.ஐ. வெண்மதி பேனாவை எடுத்துவிட்டாள். ரஞ்சிதம் தலையை ஆட்டினாள். "வேணாங்க. இவ ஜெயிலுக்குப் போய்ட்டா இவ புள்ளைங்களுக்கு ஆரு சோறு போடுவா?" இவளைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வழக்குப் போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது, பாவி மனம்.

அதோடு சரி. இவள் ரஞ்சிதத்தின் வீட்டு வாசலுக்குப் போனால் கதவு சாத்திக்கொள்ளும். ரஞ்சிதம் அடுத்த பஸ்ஸுக்கு மாறிக்கொண்டாள். ஜெயக்கொடி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கைக்குட்டையை விரித்து வைப்பாள். யாராவது கேட்டால், "ஆளு வராங்க" என்பாள். பஸ் நகர்ந்த பிறகுதான் கைக்குட்டையை எடுப்பாள். வெண்மதிக்கு வல்லத்தில் மாப்பிள்ளை அமைந்த சேதியே அவளுக்கு மூன்றாம் மனுஷர் வாயால்தான் வந்தது. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் ஒரு முற்பகல். கதவில் நிழல் தட்டியது. கைகள் பின்னால் போயின. தோளால் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே ரஞ்சிதம், தனியாக, தோளில் புதுப் பையோடு. இளைத்திருந்தாள்.

"நிச்சயப் பொடவ எடுக்கணும். இந்தக் கடதான்னுட்டாங்க மாப்ள வூட்ல" என்றாள். எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்கும் குரல்! "உள்ள வா ரஞ்சிதம்" என்று ஜெயக்கொடி சொல்வதற்குள், ரஞ்சிதம் பையை இறக்கி ஜிப்பைத் திறந்து அகலமாக விரித்து வைத்தாள். டிபன் டப்பா, மணிபர்ஸ், ஒரு மாத்திரை அட்டை. பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினாள்.

"சம்மந்தி வூட்டுக்காரங்க பின்னாடி வந்துக்கினு இருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள பாத்துடு."

"ஐயோ, கைய எறக்குடி."

"பாத்துடுன்றேன். அவங்க எதிர்ல வேணாம்."

ஜெயக்கொடியின் கைகள் முதுகுப் பக்கத்திலிருந்து வெளியே வந்தன. ரஞ்சிதத்தின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். பிடித்த பிடியை விடவும் மனம் வரவில்லை. ரஞ்சிதம் தன் கைகளை உருவிக்கொண்டாள். குனிந்து பையை எடுத்தாள். ஜிப்பை மூடாமல், உள்ளே இருப்பது எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் பிடித்துக்கொண்டு, கடைக்குள் நடந்தாள்.